20 மில்லி என்றால் 20 யூனிட் இல்லை: வலி பம்ப் சார்ட்டுகளை கோட் செய்வது பற்றி

கேள்வி இதுதான்: "சிபிசி (மெடிக்கல் கோடிங் சான்றிதழ்) முடித்து ஒன்றரை வருடம் ஆர்த்தோ டீமில் இருந்தேன். இப்போது பெயின் மேனேஜ்மென்ட் பக்கம் மாற்றிவிட்டார்கள். அமெரிக்க கிளினிக் ஒன்றின் பம்ப் ரீஃபில் சார்ட்டுகள், அதாவது வலி மருந்து பம்ப்பை நிரப்பிய குறிப்புகள், பில்லுக்கான கோடு போட வருகின்றன. 62369, 62370, 95990, 95991 இந்த நான்கில் எதை எப்போது போடுவது என்று குழப்பமாக இருக்கிறது. போதாததற்கு க்ளைமில் (இன்ஷூரன்ஸுக்கு அனுப்பும் பில்லில்) மருந்துக்கான வரி அடிக்கடி டினையல் ஆகிறது, அதாவது மறுக்கப்படுகிறது, அல்லது பணம் குறைவாக வருகிறது. எங்கே தவறு செய்கிறேன்?"

முதல் பாதிக்குச் சீக்கிரம் விடை சொல்லிவிடலாம். இரண்டாவது பாதியில்தான் விஷயமே இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து பதினோரு வருடமாக வலி சிகிச்சை கிளினிக்குகளின் க்ளைம்களைப் பார்க்கிறேன். பம்ப் சார்ட்டுகளில் நான் கண்ட தவறுகளில் பெரும்பாலானவை ப்ரொசீஜர் கோடில் நடந்தவை அல்ல, மருந்தின் யூனிட்டில், அதாவது பில்லில் மருந்தை எண்ணும் அளவில், நடந்தவை. அதனால் அந்தப் பகுதியை நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் பம்ப் என்ன செய்கிறது என்பது மனதில் பதிய வேண்டும். வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான ஒரு உலோகக் கருவி. அதிலிருந்து ஒரு மெல்லிய கதீட்டர் முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள திரவத்துக்குள் போகிறது. பம்ப்புக்குள் 20 அல்லது 40 மில்லி கொள்ளும் ஒரு தொட்டி. அங்கிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக நேரே முதுகுத்தண்டுக்குச் சேர்கிறது. வாயால் சாப்பிடும் மார்ஃபின் 300 மில்லிகிராம் செய்யும் வேலையை இந்த வழியில் 1 மில்லிகிராம் செய்யும் என்பது மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. ஆகவே இங்கே சின்ன எண்ணும் பெரிய எண்தான். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் கிளினிக்கில் அது உயிர்ப் பிரச்சினை, நம் மேஜையில் அது ஆடிட் பிரச்சினை.

சரி, கோடுகளுக்கு வருவோம். நோட்டைத் திறந்ததும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: மருந்து நிரப்பினார்களா, பம்ப்பின் ப்ரோக்ராமை மாற்றினார்களா, ஊசியைக் கையில் எடுத்தது யார். நிரப்பவும் இல்லை, மாற்றவும் இல்லை, கருவியில் உள்ள விவரத்தைப் படித்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான் என்றால் 62367. நிரப்பாமல் டோஸை மட்டும் ஏற்றி இறக்கினால் 62368. புதிதாகப் பம்ப் வைத்த நோயாளி முதல் சில மாதங்கள் டோஸ் சரிபார்க்க அடிக்கடி வருவாரே, அவருடைய விசிட்டுகள் பெரும்பாலும் இதில்தான் விழும். நிரப்பி, ப்ரோக்ராமையும் மாற்றினால் 62369. அதையே மருத்துவரின் திறமை தேவைப்பட்டு அவரே செய்தால் 62370. இந்த 62369-ம் 62370-ம் 2012-ல் வந்தவை. நிரப்பினார்கள், ஆனால் ப்ரோக்ராமில் கை வைக்கவில்லை, அல்லது அது ப்ரோக்ராம் செய்யவே முடியாத, ஒரே வேகத்தில் ஓடும் பம்ப் என்றால் 95990. அதையே மருத்துவர் செய்ய வேண்டி வந்தால் 95991. 62-ல் தொடங்குபவை, 95-ல் தொடங்குபவை என்ற இந்த இரண்டு குடும்பங்களையும் ஒரே நாளில் ஒரே பம்ப்புக்குச் சேர்த்துப் போடக் கூடாது. 95990-க்குள் பம்ப்பைப் படித்துப் பார்ப்பதும் அடங்கிவிடுகிறது.

"மருத்துவரின் திறமை" என்ற இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். டாக்டர் அந்தக் கட்டடத்தில் இருந்தார் என்பதற்காக 62370 போட முடியாது. நர்ஸ் நிரப்பினால், டாக்டர் அலுவலகத்திலேயே இருந்து மேற்பார்வை செய்தாலும் அது 62369தான், இன்சிடென்ட்-டு விதிப்படி டாக்டரின் பெயரில் போகும். நர்ஸ் ப்ராக்டிஷனரும் பிசிஷியன் அசிஸ்டென்ட்டும் 62370-க்குத் தகுதியுள்ளவர்கள் கணக்கில் வருவார்கள், ஆர்.என் (பதிவு பெற்ற நர்ஸ்) வரமாட்டார். டாக்டரே நிரப்பினார் என்றால் ஏன் அவர் தேவைப்பட்டார் என்பது ஒரு வரியாவது நோட்டில் இருக்க வேண்டும். பம்ப் சாய்ந்திருந்தது, வயிற்றுப் பகுதி பருமனாக இருந்ததால் நிரப்பும் துளை கைக்குத் தட்டுப்படவில்லை, அல்ட்ராசவுண்ட் வைத்துத் தேட வேண்டியிருந்தது, இப்படி ஏதாவது. அந்த வரி இல்லையென்றால் நீங்களாக ஊகிக்காமல் டாக்டரிடம் விளக்கம் கேட்டு க்வெரி அனுப்புங்கள்.

இப்போது ஒரு நோட்டைச் சேர்ந்து படிப்போம். வழக்கமான ரீஃபில் நோட் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"பம்ப் 20 மில்லி. சென்ற ரீஃபில் 85 நாள் முன்பு. மருந்து மார்ஃபின், மில்லிக்கு 25 மில்லிகிராம். தினசரி டோஸ் 5 மில்லிகிராம். எதிர்பார்த்த மீதி 3.0 மில்லி, எடுத்த மீதி 2.9 மில்லி. 20 மில்லி புதிய மருந்து நிரப்பப்பட்டது. டோஸ் 5.5 மில்லிகிராமாக உயர்த்தப்பட்டது. ஆர்.என் செய்தார், டாக்டர் அலுவலகத்தில் இருந்தார்."

கையில் பேனா எடுத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள். தினம் 5 மில்லிகிராம் என்றால், மில்லிக்கு 25 என்ற செறிவில் தினம் 0.2 மில்லி. 85 நாளுக்கு 17 மில்லி. 20-ல் 17 போனால் 3. எடுத்தது 2.9. கணக்கு ஒத்துப்போகிறது, பம்ப் ஒழுங்காக ஓடியிருக்கிறது. டோஸ் ஏறியதால் ப்ரோக்ராம் மாறியிருக்கிறது. நிரப்பியது நர்ஸ். ஆக 62369.

இந்த மீதிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது கோடரின் வேலையா என்று டீமில் கேட்பார்கள். கண்டிப்பாகப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் பதில். எதிர்பார்த்தது 3, எடுத்தது 9 என்று ஒரு நோட் வந்தால் கதீட்டர் மடங்கியோ அடைத்தோ இருக்கலாம், மருந்து நோயாளிக்குப் போகவில்லை. அப்போது அதே நோட்டிலோ அடுத்த நோட்டிலோ பம்ப்பின் பக்கவாட்டுத் துளை வழியாக டை (சாயம்) செலுத்திக் கதீட்டரைப் பரிசோதித்த விவரம் இருக்கும். அதற்கு 61070, படத்துக்கு 75809. கணக்கைப் பார்க்காதவர் கண்ணில் அது சாதாரண ரீஃபிலாகத்தான் படும். டயக்னோசிஸும் மாறும்: கதீட்டர் உடைந்தது என்று டாக்டர் எழுதியிருந்தால் டி85.610ஏ, வழக்கமான இசட்45.1 மட்டும் போதாது.

இப்போது மருந்து வரி.

பதப்படுத்தும் பொருள் சேர்க்காத, முதுகுத்தண்டு வழி கொடுக்கும் மார்ஃபினுக்கு மருந்துக் கோடு ஜே2274. அதன் ஒரு யூனிட் 10 மில்லிகிராம். மில்லிக்கு 10 மில்லிகிராம் செறிவில் 20 மில்லி ஆம்ப்யூல் ஒன்று வருகிறது, இன்ஃப்யூமார்ஃப் 200. மொத்தம் 200 மில்லிகிராம், அதாவது 20 யூனிட். கவனித்தீர்களா, 20 மில்லி, 20 யூனிட். தற்செயலாக இரண்டும் ஒரே எண்.

இந்தத் தற்செயல்தான் ஆபத்து. நான் சேர்ந்த புதிதில் எங்கள் டீமுக்கு வந்த கிளினிக்கில் எல்லோருக்கும் அந்தச் செறிவுதான். எத்தனை மில்லி என்று பார்ப்போம், அதையே யூனிட் கட்டத்தில் போடுவோம். எல்லாம் சரியாகவே போய்க்கொண்டிருந்தது, எந்த க்ளைமும் திரும்பவில்லை. ஒரு கட்டத்தில் சில நோயாளிகளுக்குச் செறிவை மில்லிக்கு 25-ஆக மாற்றினார்கள். ஆம்ப்யூல் அதே 20 மில்லிதான், ஆனால் உள்ளே 500 மில்லிகிராம், 50 யூனிட். நாங்கள் பழக்கதோஷத்தில் 20 என்றே போட்டுக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு ரீஃபிலுக்கும் 30 யூனிட் அந்தக் கிளினிக்கின் கைக்காசிலிருந்து போனது. டினையல் வரவே இல்லை, ஏனென்றால் குறைத்துக் கேட்டால் யார் மறுப்பார்கள்? கிளினிக்கின் மேனேஜர் மருந்து வாங்கிய பில்லையும் வந்த பணத்தையும் ஒரு நாள் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் சொல்லும் "பணம் குறைவாக வருகிறது" என்பதைப் படித்ததும் எனக்கு இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. உங்கள் க்ளைம்களில் அதைத்தான் முதலில் பாருங்கள்.

அதே பழக்கம் தசை இறுக்கத்துக்கான பாக்லோஃபென் பக்கம் போனால் தலைகீழாகிவிடும். ஜே0475-ன் ஒரு யூனிட்டும் 10 மில்லிகிராம்தான், ஆனால் பாக்லோஃபென் மைக்ரோகிராம் கணக்கில் வரும் மருந்து. மில்லிக்கு 2000 மைக்ரோகிராம் என்றால் 20 மில்லியில் 40 மில்லிகிராம், 4 யூனிட். மில்லிக்கு 500 மைக்ரோகிராம் என்றால் 10 மில்லிகிராம், 1 யூனிட். அங்கே 20 என்று போட்டால் ஐந்து மடங்கு, அல்லது இருபது மடங்கு அதிகமாகக் கேட்டதாகும். ஜிக்கோனோடைடு என்ற வலி மருந்துக்கு ஜே2278, அதன் யூனிட் 1 மைக்ரோகிராம். மில்லிக்கு 25 மைக்ரோகிராம் உள்ள 20 மில்லி வயல் என்றால் 500 யூனிட். ஆக, பம்ப்பில் போனது ஒவ்வொரு தடவையும் அதே 20 மில்லி. யூனிட் 20, 50, 4, 1, 500 என எதுவாகவும் இருக்கலாம். அதனால் மில்லியை யூனிட் கட்டத்துக்குக் கொண்டுபோகவே போகாதீர்கள். செறிவை மில்லியால் பெருக்குங்கள், கோடின் அளவால் வகுங்கள். ஒவ்வொரு சார்ட்டிலும் புதிதாகச் செய்யுங்கள், சென்ற மாத க்ளைமைப் பார்த்து அப்படியே எழுத வேண்டாம்.

மில்லி நம் மண்டைக்குள் புகுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மருந்தின் என்டிசி எண்ணை (அமெரிக்க மருந்து அடையாள எண்) கேட்கும் பேயர்களுக்கு, அதாவது பணம் தரும் இன்ஷூரன்ஸ்காரர்களுக்கு, அதே வரியில் 5-4-2 அமைப்பில் 11 இலக்க எண்ணும் அதன் அளவும் போடுகிறோம் அல்லவா, அங்கே அளவு மில்லியில்தான் போகும். ஒரே வரியில் ஒரு கட்டத்தில் 20, இன்னொரு கட்டத்தில் 50. இரண்டும் சரி. பார்ப்பவர் ஒன்றைத் தவறென்று நினைத்து மாற்றிவிடாமல் இருக்க வேண்டும். எங்கள் டீமில் க்வாலிட்டி பார்ப்பவரே ஒரு தடவை அப்படி மாற்றியிருக்கிறார்.

மாடிஃபையர்கள், அதாவது கோடோடு ஒட்டும் குறிகள்: பொருத்தப்பட்ட பம்ப் வழியாகப் போகும் மருந்துக்கு மெடிகேரில் (அமெரிக்க அரசு முதியோருக்கு நடத்தும் இன்ஷூரன்ஸ்) கேடி. 2016 வரை இதற்கான விலை 2003 அக்டோபரின் மொத்தச் சந்தை விலையில் 95 சதவீதம் என்று தனியாக இருந்தது. 2017 ஜனவரியிலிருந்து மற்ற மருந்துகளைப் போலச் சராசரி விற்பனை விலை முறைக்கு வந்துவிட்டது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஆம்ப்யூலில் மீதியை வீணாக்கினால் அந்தப் பகுதிக்கு ஜேடபிள்யூ, எதுவும் வீணாகவில்லை என்றால் 2023 ஜூலை முதல் ஜேஇசட். நம் நோட்டில் 20 மில்லியும் உள்ளே போயிற்று, அதனால் ஜேஇசட். பம்ப்பிலிருந்து வெளியே எடுத்துக் கொட்டிய பழைய 2.9 மில்லியை ஜேடபிள்யூவில் போடலாமா என்று ஒரு தம்பி கேட்டார். கூடாது. அது சென்ற ரீஃபிலிலேயே பில் செய்து பணம் வாங்கிய மருந்து.

டினையலுக்கு இன்னொரு பெரிய காரணம் கலவை மருந்துகள். பம்ப் வழியாக முதுகுத்தண்டுக்குக் கொடுக்க அமெரிக்காவின் எஃப்டிஏ ஒப்புதல் பெற்ற வலி மருந்துகள் மார்ஃபினும் ஜிக்கோனோடைடும்தான். தசை இறுக்கத்துக்குப் பாக்லோஃபென். 2018 நவம்பரில் எஃப்டிஏ இதை ஒரு எச்சரிக்கையாகவே வெளியிட்டது. ஆனால் நடைமுறையில் ஹைட்ரோமார்ஃபோன், ஃபென்டனில், புபிவகெய்ன், க்ளோனிடின் எல்லாம் தனியாகவும் கலந்தும் போகின்றன, காம்பவுண்டிங் ஃபார்மசி தயாரித்து அனுப்புகிறது. நோட்டில் மூன்று மருந்து பார்த்ததும் மூன்று ஜே கோடு போடக் கை துடிக்கும். அங்கே நிறுத்துங்கள். காம்பவுண்டிங் ஃபார்மசியிலிருந்து வந்த சிரிஞ்சுக்குப் பல மெடிகேர் கான்ட்ராக்டர்கள் ஜே7999-ஐ கேடியோடு, ஒரு யூனிட்டாகக் கேட்கிறார்கள். மருந்துகளின் பெயரும் அளவும் விளக்கக் கட்டத்தில் போக வேண்டும், கேட்டால் இன்வாய்ஸும். தனியார் இன்ஷூரன்ஸ் சிலது தனித்தனி ஜே கோடுதான் வேண்டும் என்கிறது. பேயர் வாரியாக ஒரு தாளில் எழுதி மானிட்டர் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், அந்தந்த பேயரின் பாலிசியைத் திறந்து பார்த்து, தேதி போட்டு. பக்கத்து சீட்டில் கேட்டு எழுதாதீர்கள்.

மருந்தை யார் வாங்கினார்கள் என்பதையும் பாருங்கள். ஃபார்மசி மருந்தை டாக்டரின் அலுவலகத்துக்கு அனுப்பி, அங்கே பம்ப் நிரப்பினால், மெடிகேர் பார்ட் பி-யில் அந்த மருந்துக்கு ஃபார்மசி பில் போட முடியாது. டாக்டர் அதை விலைக்கு வாங்கித் தன் க்ளைமில் கேட்க வேண்டும். 2013 ஜனவரி முதல் இது தெளிவாக எழுதப்பட்ட விதி. க்ளைமில் சிகிச்சை நடந்த இடத்தின் கோடு 22, அதாவது மருத்துவமனையின் வெளிநோயாளி பிரிவு என்றால் மருந்து மருத்துவமனையின் க்ளைமில் போகும், டாக்டரின் க்ளைமில் ஜே கோடே இருக்கக் கூடாது. இடம் 11-ஆ (டாக்டரின் அலுவலகம்) 22-ஆ என்று பார்க்காமல் விட்டதால் திரும்பிய மருந்து வரிகள் ஏராளம்.

டயக்னோசிஸில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரீஃபிலுக்கு இசட்45.1, அதோடு வலியின் காரணம்: முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நீடிக்கும் வலிக்கு எம்96.1, டாக்டர் "க்ரானிக் பெயின் சிண்ட்ரோம்" என்றே எழுதியிருந்தால் மட்டும் ஜி89.4. வெறும் "நாள்பட்ட வலி" என்று இருப்பதை ஜி89.4 ஆக்கிவிடாதீர்கள், அது ஜி89.29. புற்றுநோய் வலிக்காக வருபவருக்கு ஜி89.3 முதலில், புற்றுநோய் அடுத்து. எதை முதலில் வைப்பது என்று பேயர் பாலிசி தனியாகச் சொன்னால் அதைப் பாருங்கள். இன்னொன்று: வலி கிளினிக்கிலிருந்து வரும் எல்லாப் பம்ப்பும் வலிக்கானது அல்ல. மருந்து பாக்லோஃபென் என்றால் நோயாளிக்குப் பெரும்பாலும் செரிப்ரல் பால்சியோ மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸோ தண்டுவடக் காயமோ இருக்கும். அங்கே தசை இறுக்கம்தான் காரணம், டெம்ப்ளேட்டில் ஒட்டியிருக்கும் வலி கோடு அல்ல.

பம்ப் வைக்கும் அறுவை சிகிச்சை சார்ட்டுகளும் எப்போதாவது வரும். லேமினெக்டமி (முதுகெலும்பின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது) இல்லாமல் கதீட்டர் வைக்க 62350, ப்ரோக்ராம் செய்யக்கூடிய பம்ப் வைக்க 62362. அந்த 62362-க்குள் அன்றைய ப்ரோக்ராமிங் அடக்கம், 62367-ஐயோ 62368-ஐயோ கூடப் போடாதீர்கள். பேட்டரி தீர்ந்து பழையதை எடுத்துப் புதியது வைத்தாலும் 62362தான், பம்ப்பை எடுப்பதற்கான 62365 அதே இடத்துக்குச் சேராது. மெடிகேரின் 280.14 தேசிய விதிப்படி முன்னதாகத் தற்காலிகக் கதீட்டர் வைத்துச் சோதனை செய்து, வலி குறைந்தது, பக்கவிளைவு தாங்கக்கூடியது என்று பார்த்திருக்க வேண்டும். மூன்று மாதமாவது வாழும் எதிர்பார்ப்பு வேண்டும், குறைந்த தலையீடுள்ள சிகிச்சைகள் பலிக்கவில்லை என்ற வரலாறும் வேண்டும். சோதனைக்கு இடுப்புப் பகுதியில் படம் பார்த்துக் கதீட்டர் வைத்திருந்தால் 62327, ஒரே ஊசி என்றால் 62323. இந்தச் சோதனையின் நோட் கையில் இல்லாமல் அறுவை சிகிச்சை க்ளைமை அனுப்பாதீர்கள்.

அப்புறம், ஒவ்வொரு ரீஃபிலோடும் டாக்டர் விசிட்டுக்கான 99213-ஐ 25 மாடிஃபையருடன் சேர்த்து அனுப்பும் வழக்கம் சில கிளினிக்குகளில் உண்டு. ரீஃபிலுக்கு வந்தவரிடம் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பதும் டோஸ் ஏற்றுவதும் ரீஃபில் கோடுக்குள் அடங்கியவை. தனியாக வேறு ஒரு பிரச்சினையைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் மட்டும் சேருங்கள்.

நோட்டின் அடியில் வரும் ஒரு தேதியையும் விடாமல் பாருங்கள்: அடுத்த ரீஃபில் அல்லது அலாரம் தேதி. தொட்டியில் 2 மில்லி மீதி இருக்கும்போது பம்ப் ஒலி எழுப்பும்படி வைத்திருப்பார்கள். பழைய டோஸில் 18 மில்லி 90 நாள் வந்திருக்கும். 5.5-க்கு ஏற்றியதும் தினம் 0.22 மில்லி, 81 நாள்தான் வரும். ஒன்பது நாள் முன்னால் வந்துவிட்டது. ப்ரையர் ஆத்தரைசேஷன் (இன்ஷூரன்ஸின் முன் அனுமதி) பழைய தேதியை வைத்துப் போட்டிருந்தால் புதிய தேதிக்கு அது கையில் இருக்காது. பம்ப் காலியானால் மார்ஃபின் நோயாளிக்கு வலியும் வித்ட்ராயல் அவஸ்தையும். பாக்லோஃபென் திடீரென்று நின்றால் உயிரே போகலாம், மருந்தின் லேபிளிலேயே கட்டம் கட்டி எழுதியிருக்கிறார்கள். டோஸ் ஏறிய சார்ட்டைப் பார்த்தால் ஆத்தரைசேஷன் டீமுக்கு ஒரு வரி மெயில் போடுங்கள். நம் வேலை விவரத்தில் அது இல்லைதான். நான் ஒவ்வொரு தடவையும் போடுகிறேன்.

ஏற்கெனவே போன க்ளைம்களை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். மெடிகேரில் யூனிட் தவறு எழுத்துப்பிழை வகை. முதல் முடிவு வந்த ஒரு வருடத்துக்குள் க்ளைமைத் திரும்பத் திறந்து திருத்தச் சொல்லலாம், அப்பீல் தேவையில்லை. மருந்தே டினையல் ஆகி, உங்கள் கோடு சரி என்று உறுதியாக இருந்தால் 120 நாளுக்குள் ரீடிட்டர்மினேஷன் (முதல் கட்ட அப்பீல்) கேளுங்கள். பாக்லோஃபென் பக்கம் அதிகமாக வாங்கியிருப்பது தெரிந்தால் அதை உடனே உங்கள் மேனேஜர் வழியாகக் கிளினிக்குக்குச் சொல்லுங்கள், கண்டுபிடித்த 60 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அது. இன்று ஷிஃப்டில் முதல் வேலையாக, இந்த ஒரு வருடத்து ஜே2274 வரிகளில் யூனிட் 20 என்று இருப்பவற்றை மட்டும் ரிப்போர்ட்டாக எடுத்து, ஒவ்வொன்றின் நோட்டிலும் செறிவு 10-ஆ 25-ஆ என்று பாருங்கள்.